கீறாமல் மழிக்கும் கலை

திருமலைக்குச் சென்று முடி காணிக்கை செலுத்தித் திரும்பியவரைக் கேட்டுப் பாருங்கள். வரிசையில் நின்ற நாழிகைகளைச் சொல்வார். மலைக்காற்றின் குளிர்ச்சியைச் சொல்வார். சந்நிதியில் கண்ட கணநேரக் காட்சியைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். தம் தலையின்மீது ஓடிய கத்தியைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லமாட்டார். கீறல் விழுந்திருந்தால் சொல்லியிருப்பார். விழவில்லை, ஆகவே மறந்துவிட்டார். நாளொன்றுக்குப் பல்லாயிரம் தலைகள் மழிக்கப்படும் ஓரிடத்தில் இந்த மறதி எத்துணைப் பெரிய கைத்திறனுக்குச் சான்று என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தத் திறனைப் பற்றியும், அதைத் தம் முகத்தின்மீது தாமே பயில முற்பட்ட சாதாரண மனிதரைப் பற்றியும் சில செய்திகளை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்குத் திருப்பதி வட்டாரம் புதிதன்று. பம்பாயிலிருந்து வருவோர் ரேணிகுண்டாவில் இறங்குவர். தில்லியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வருவோர் கூடூர் வழியாக வருவர். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வருவோர் சித்தூரைக் கடந்து மலையடிவாரம் சேர்வர். தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகக் கூறுவது இந்த வேங்கடத்தையே. வெள்ளையராட்சியில் நெடுங்காலம் இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். 1911-ஆம் ஆண்டு ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சேர்ந்தது. எல்லைக் கிளர்ச்சிகளுக்குப் பின்னர், 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது; சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகவும் பிரிந்துவிட்டது. எல்லைக்கோடுகள் இவ்வாறு பலமுறை நகர்ந்தபோதிலும், இரு மொழியும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தில் கத்தி மட்டும் இரு மொழியிலும் கத்தியாகவே இருந்து வருகிறது.

மலைமேல் முடியிறக்கும் மண்டபத்துக்குக் கல்யாணகட்டா என்று பெயர். கல்யாணம் என்பது மங்கலம். தெலுங்கில் 'கட்ட' என்றால் கரை அல்லது மேடை. மழித்தலைக் குறிக்கும் சொல்லைப் புண்ணியத் தலத்தில் வாய்விட்டுச் சொல்லத் தயங்கியோர் அதனை மங்கல மேடை என்று அழைத்தனர் போலும். நம்முடைய இலக்கணத்தில் இதற்கு இடமுண்டு. செத்தாரைத் துஞ்சினார் என்பதையும், சுடுகாட்டை நன்காடு என்பதையும் மங்கல வழக்கு என்று இலக்கண நூலார் வகுத்திருக்கின்றனர். தெலுங்கு நாட்டில் இத்தொழிலாளரின் பெயரே மங்கலி என்பதாகும். திருமணத்தில் மங்கல இசையான நாகசுரத்தை வாசிப்பவரும் அந்நாட்டில் பெரும்பாலும் இவர்களே. தமிழ்நாட்டிலோ இவர்களுக்கு மருத்துவர், பண்டிதர் என்ற பெயர்கள் உண்டு. ஈழத்தில் பரியாரி என்ற ஒரே சொல் வைத்தியரையும் நாவிதரையும் குறித்து வழங்கியது. கட்டியை அறுத்துப் புண்ணுக்கு மருந்திட்டவரும், அவர் மனைவி பேறுகாலம் பார்த்தவருமாய் இருந்த காலத்தின் சுவடு அப்பெயர்களில் நிற்கிறது. இலண்டனிலும் அறுவை வைத்தியரும் நாவிதரும் ஒரே சங்கத்தவராயிருந்து 1745-இல்தான் பிரிந்தனர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தொழில் பழையது, கருவிகளும் பழையன. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படை, விறலியின் காதழகைச் சொல்லவந்தவிடத்து, முடி திருத்தும் கத்தரிக்கோலின் வளைந்த கைப்பிடியை உவமையாகக் காட்டுகிறது. கேட்போருக்கு அன்றாடம் பழகிய பொருளாக இருந்தாலன்றிப் புலவர் அதை உவமையாக்கியிருக்க முடியாது. மழித்தலும் வேண்டா, சடை நீட்டலும் வேண்டா, உலகம் பழித்ததை விட்டால் போதும் என்ற கருத்தை வள்ளுவர் கூடாவொழுக்கத்தில் வைத்தார். அவர் கண்டித்தது வேடத்தைத்தான், கத்தியை அன்று.

நம் தாத்தாக்களின் காலத்தில் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வது வழக்கத்தில் இல்லை. நாவிதர் குறித்த நாளில் வீட்டுக்கு வருவார். தோலால் தைத்த அடைப்பத்தைப் பிரித்தால் அதனுள் கத்தி, கத்தரி, நகம் களையும் சிற்றுளி, தீட்டுக்கல், சிறு கண்ணாடி, பித்தளைக் கிண்ணி எல்லாம் இருக்கும். திண்ணையிலோ கொல்லைப்புறத்திலோ எதிரெதிராகக் குந்திக்கொள்வர். செவ்வாய், சனி, அமாவாசை ஆகாது. பிறந்த நாள் ஆகாது. இத்தனை விலக்குகளுக்கும் தப்பிய நாளில் வந்து வேலையை முடிப்பவருக்குக் கூலி காசாகக் கிடைப்பதில்லை. அறுவடையில் நெல்லாகவோ கேழ்வரகாகவோ அளக்கப்பட்டது. ஊரை விட்டு நகரத்துக்குப் பிழைக்கப் போனவனுக்கு முதலில் கைநழுவிப்போன வசதிகளுள் இந்த வீட்டு நாவிதரும் ஒருவர். பம்பாய் மாதுங்காவிலோ தில்லி கரோல்பாக்கிலோ ஓர் அறையில் நால்வராகக் குடியிருந்து, காலை 9 மணிக்கு அலுவலகம் சேர வேண்டிய குமாஸ்தாவுக்குப் பஞ்சாங்கம் பார்க்க நேரமேது? கத்தியைத் தானே எடுக்க வேண்டியதாயிற்று.

அவன் கையில் எடுத்த கத்தி பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெபீல்டிலோ ஜெர்மனியின் சோலிங்கனிலோ செய்யப்பட்டது. ஆனால் அந்த எஃகின் வமிசாவளியைத் தேடிப்போனால் வழி நம் நாட்டுக்கே திரும்புகிறது. சேலத்திலும் மைசூரிலும் தெலுங்கானத்திலும் மண்மூசையில் இரும்பையும் கரியையும் இட்டு மூடி உருக்கிய எஃகை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று அழைத்தனர். உருக்கு, உக்கு என்ற நம் தென்மொழிச் சொற்களின் திரிபு அது என்பர். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் இந்த எஃகைப் பற்றி இலண்டன் ராயல் சொசைட்டியில் ஆய்வுரை அளித்தார். ஸ்டோடர்ட் என்னும் கத்தி செய்வோர், நுண்ணிய கூர்முனைக்கு இதைப்போன்ற எஃகு வேறில்லை என்று கருதினார். பின்னர் அவரும், கொல்லர் மகனாய்ப் பிறந்த மைக்கேல் பாரடேயும் சேர்ந்து ஊட்ஸின் இரகசியத்தை அறிய முயன்றனர். வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் முதலியவற்றை எஃகில் கலந்து 1820-இலும் 1822-இலும் முடிவுகளை வெளியிட்டனர். மின்சார இயலின் தந்தை எனப் போற்றப்படும் பாரடே, அதன் பிறகு பல ஆண்டுகள் தம் எஃகில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்து வந்தார்.

இன்னொரு தொடர்பும் உண்டு. சேலத்தில் கம்பெனி ஊழியராயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் வேலையை விட்டுவிட்டு, 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். அது நெடுநாள் இலாபம் காட்டவில்லை. ஆயினும், எஃகுருக்கும்போது மாங்கனீசுக் கூட்டு ஒன்றைச் சேர்த்தால் மட்ட இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் என்ற உண்மையை அவர் கண்டு 1839-இல் உரிமம் பெற்றார். ஷெபீல்டு அதனால் செழித்தது. ஹீத்தோ உரிமத்துக்காக வழக்காடுவதிலேயே வாழ்நாளின் எஞ்சிய பகுதியைக் கழித்தார். ஷெபீல்டு முத்திரை பொறித்த பழங்கத்தி உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், அதில் பரங்கிப்பேட்டையின் அனுபவம் சிறிதாவது கலந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

தன்னைத் தான் மழித்துக்கொள்ளக் கற்பிப்பதற்கென்றே ஒருவர் நூல் எழுதினார். அவர் பாரிஸ் நகரத்துக் கத்தி வினைஞர் ழான் ழாக் பெரே. 1769-இல் வெளிவந்த அந்நூலின் தலைப்பே, தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளப் பயிலும் கலை என்னும் பொருளுடையது. பிறர் கையில் கழுத்தைக் கொடுக்க அஞ்சியோரும், காசை மிச்சம் பிடிக்க எண்ணியோரும் அக்காலத்தில் அங்கும் இருந்தனர் என்று தெரிகிறது. பெரே மற்றொரு தந்திரமும் செய்தார். தச்சனுடைய இழைப்புளியில் அலகு சற்றே வெளியே நீண்டிருப்பதைப் பார்த்து, கத்தியின் அலகுக்கு மரத்தால் ஓர் உறையிட்டு, வேண்டிய அளவு மட்டும் வெளித் தெரியும்படி அமைத்தார். பின்னாளைய பாதுகாப்புச் சவரக்கருவிக்கு இதுவே மூதாதை.

இனி, கீறாமல் மழிப்பது எவ்வாறு என்று பார்ப்போம். கீறல் விழுவதற்குக் கத்தி கூராக இருப்பதே காரணம் என்று பழகாதவர் நினைப்பர். மழுங்கிய கத்தியே பெரும்பாலும் கீறுகிறது. கூர் இல்லாத கத்தி மயிரை அறுக்காமல் இழுக்கும். இழுத்தால் கை தானாக அழுத்தும். அழுத்தினால் தோல் மடிந்து அலகின் முன் திரளும். ஆகையால் பயிற்சி முகத்தில் தொடங்குவதில்லை, கல்லில் தொடங்குகிறது. சவரக்கத்தியை வடித்தவர்கள் அதன் முதுகைத் தடிப்பாகவும், இரு பக்கங்களைக் குழிவாகவும் செய்தமைக்கு ஓர் உட்கருத்து உண்டு. முதுகையும் கூர்முனையையும் ஒருங்கே கல்லில் படியவைத்து, முனை முன்னே செல்லும்படி தள்ளினால், தீட்டும் கோணம் தானே அமைந்துவிடும். கையின் நடுக்கம் அக்கோணத்தைக் கெடுக்க இயலாது. இதைவிட எளிய அறிவுக்கூர்மை எந்த யந்திரத்தில் இருக்கிறது?

தீட்டுவது எப்போதோ ஒருமுறை; தோல்வாரில் உரசுவது ஒவ்வொரு நாளும். அங்கே திசை மாறுகிறது. கல்லில் முனை முன்னே செல்லும்; வாரில் முதுகு முன்னே செல்ல, முனை பின்னே இழுபட வேண்டும். மறந்துபோய் முனையை முன்னே விட்டால் வார் அறுந்துபோகும். ஒவ்வொரு முறையும் திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும், முனையின்மேல் புரட்டலாகாது. வார் தொங்கலாக இல்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும். மேலைநாட்டார் 40 முறை, 60 முறை என்று எண்ணிக்கை சொல்வர். நம் நாவிதர் வாரையே தேடாமல் உள்ளங்கையில் பட்பட்டென்று கத்தியைப் புரட்டித் தேய்த்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்து வீட்டில் செய்து பார்க்கும் ஆசை எவருக்கேனும் எழுந்தால் அதை அடக்கிக்கொள்வதே நல்லது.

அடுத்தது தண்ணீர். பழைய நாவிதரிடம் சவுக்காரம் கிடையாது. கிண்ணித் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டுத் தாடையில் நெடுநேரம் தேய்ப்பார். உட்கார்ந்திருப்பவருக்குத் தூக்கமே வந்துவிடும். நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றினும் வேலையில் பாதி அப்போதே முடிந்துவிடுகிறது. உலர்ந்த மயிர் செப்புக் கம்பிபோல் முரடாய் நிற்கும். தண்ணீரை உறிஞ்சியபின் ஊதிப் பெருத்து மென்மையாகிவிடும். வெந்நீரானால் இது இன்னும் விரைவில் நடக்கும். நுரையின் பயன் அந்த ஈரத்தைக் காத்து, அலகு வழுக்கிச் செல்ல உதவுவதே. ஆகவே குளித்தபின் மழிப்பவன் குளிக்குமுன் மழிப்பவனைவிடக் குறைவாகவே கீறிக்கொள்கிறான். ஆசாரம் இதற்கு நேர்மாறாக, மழித்தபின்னே குளிக்கச் சொல்கிறது. இரண்டையும் காக்க விரும்புவோர் இருமுறை முகம் நனைத்துக்கொள்ளட்டும்.

கத்தியைப் பிடிப்பதில் விரல்களுக்குத் தனித்தனி வேலை உண்டு. கட்டைவிரல் அலகின் கழுத்துக்கு அடியில். முதல் மூன்று விரல்கள் மேலே. சுண்டுவிரல் வளைந்த வால்மேல். பிடி மேல்நோக்கித் திறந்து நிற்கும். வலக்கை இப்படியிருக்க, உண்மையான வேலையைச் செய்வது இடக்கை. தோலை இழுத்து விறைப்பாக்குவது அதுவே. வலக்கன்னத்தை மழிக்கக் காதுக்கு முன்னே விரலை வைத்து மேல்நோக்கி இழுக்க வேண்டும். தாடையின் கீழ்ப்புறத்துக்குத் தலையைப் பின்சாய்த்துக் கழுத்துத் தோலைக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். தளர்ந்த தோலில் எத்தகைய கத்தியும் தவறு செய்யும்.

கோணம் ஏறக்குறைய 30 பாகை. கத்தியைத் தோலோடு மிகவும் படுக்கவைத்தால் மயிரைப் பிய்க்கும். மிகவும் நிமிர்த்தினால் சுரண்டும். இழுப்பு சிறிதாக, அழுத்தம் இல்லாமல், கத்தியின் கனமே வேலை செய்வதுபோல் இருக்க வேண்டும். இவற்றுள் எதையேனும் ஒருவர் மறந்தாலும் எரிச்சலோடு போகும். மறக்கக் கூடாதது ஒன்றுண்டு: கத்தி எப்போதும் தன் முனைக்கு நேர்குறுக்காகவே நகர வேண்டும், முனையின் நீளவாட்டில் ஓர் இம்மியும் வழுக்கக் கூடாது. காய் நறுக்குகிறவர் கத்தியை அப்படி இழுத்தே அறுக்கிறார். சவரத்தில் இரத்தம் வருவது பெரும்பாலும் அந்த ஒரு பக்கவாட்டு நழுவலால்தான். தொலைபேசி மணி அடித்தாலும் குழந்தை கூப்பிட்டாலும் முதலில் கத்தியைத் தோலிலிருந்து எடுத்துவிட்டுப் பிறகே திரும்ப வேண்டும் என்று முதியோர் சொல்லிவைத்ததன் காரணம் இதுவே.

புதிதாய்ப் பயில்பவர் முதல் வாரம் கன்னங்களை மட்டும் மழித்துக்கொண்டு, மற்றதைப் பழைய முறையில் முடித்துக்கொள்வது நலம். கன்னம் சமநிலம். பிறகு கழுத்து, மேலுதடும் மோவாயும் கடைசி. மோவாயின் வளைவில் அலகு முழுவதும் படியாது, ஒரு சிறு பகுதியே படியும். அங்கேதான் பலர் காயப்படுகின்றனர். மயிர் வளரும் போக்கை முன்கூட்டியே விரலால் தடவி அறிய வேண்டும். கன்னத்தில் கீழ்நோக்கி வளர்வது, கழுத்தில் சிலருக்குப் பக்கவாட்டில் திரும்பும், சிலருக்கு மேல்நோக்கியே வளரும். முதல் மாதத்தில் எதிர்வாட்டில் மழிப்பதை நினைக்கவும் வேண்டாம். முடிந்தபின் தண்ணீர், அதன்பின் படிகாரம். சிறு கீறலின் இரத்தத்தைப் படிகாரம் சுருக்கி நிறுத்துவதோடு, எங்கெங்கே அழுத்திவிட்டோம் என்பதை எரிச்சலால் எடுத்துக்காட்டியும் விடும். கத்தியைத் துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வைக்காவிட்டால் நம் கடலோர ஊர்களில் இரண்டே நாளில் துரு ஏறும்.

வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு கத்திகளை ஒரே பேழையில் அடுக்கி, முதுகில் கிழமைப் பெயரைப் பொறித்து ஆங்கிலேயர் விற்றனர். நம் பெரியவர்கள் அத்தகைய பேழை ஒன்றை வாங்கியிருந்தால் செவ்வாயும் சனியும் புத்தம் புதிதாகவே இருந்திருக்கும்.

எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான மயிர், எஃகை எவ்வாறு மழுங்கச் செய்கிறது? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2020-இல் விடை கண்டனர். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அலகின் முனை தேய்ந்து உருண்டைபடவில்லை. ஆங்காங்கே நுண்ணிய சில்லுகளாய் உடைந்திருந்தது. மயிர் வளைந்து சாய்ந்து அலகைத் தாக்கும்போதும், எஃகின் உள்ளமைப்பு ஓரிடத்தில் வன்மையாயும் அடுத்த இடத்தில் மென்மையாயும் இருக்கும்போதும் இவ்வுடைவு நேர்கிறது. நனைந்த மயிர், விறைத்த தோல், சீரான எஃகு என்று நாவிதர் பல தலைமுறையாய்க் கேட்டுவந்தவற்றுக்கு இந்த ஆராய்ச்சி பொருந்தியே நிற்கிறது.

தலை மழிப்பது முகம் மழிப்பதைவிட ஒருவகையில் எளிது. அடியில் எலும்பு இருப்பதால் தோல் தானே விறைத்து நிற்கிறது. ஆனால் உச்சியில் சுழி இருக்கிறது. மயிர் அங்கே வட்டமாய்ச் சுற்றி வளர்வதால் கத்தியும் சுற்றி வர வேண்டும். காதின் மடிப்பும், பிடரியின் பள்ளமும், பழைய தழும்புகளும் இடர்ப்பாடுள்ள இடங்கள். பார்க்காமலே இவற்றை இடக்கை விரல்கள் முன்சென்று தடவி அறிகின்றன. குழந்தைகளின் உச்சிக்குழி மூடிக்கொள்ளப் பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு ஆகும். முதல் முடி எடுக்கும்போது நாவிதர் அவ்விடத்தில் கையை இலேசாக்கிக்கொள்வார். குழந்தை அழும், தலையை உதறும். தாய்மாமன் மடியில் இறுகப் பிடித்திருப்பார். இத்தனைக்கும் நடுவில் அந்தக் கத்தி பக்கவாட்டில் நழுவுவதில்லை. முடிந்ததும் பூசும் சந்தனம் அலகின் எரிச்சலுக்கு நல்ல மருந்து. தலை முழுவதும் மழிக்க விரும்பாத பெண்கள் 'மூடு கத்தெர' என்று சொல்லி மூன்று கத்தரிப்பு முடி மட்டும் கொடுப்பது அங்கே வழக்கம்.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்ல வேண்டும். பிரிட்டோரியாவில் ஆங்கிலேய நாவிதர் ஒருவர் காந்தியடிகளுக்கு முடி வெட்ட மறுத்தார். அடிகள் முடிவெட்டும் கருவி ஒன்றை வாங்கிக் கண்ணாடிமுன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஓரளவு தேறியது, பின்பக்கம் கெட்டுப்போயிற்று. நீதிமன்றத்து நண்பர்கள் எலி கடித்ததா என்று கேட்டுச் சிரித்தனர். இங்கிலாந்து சென்றவர் எவரும் சவரம் செய்துகொள்ளவாவது கற்றுத் திரும்புவர், முடிவெட்ட யாரும் கற்பதில்லை என்று இந்நிகழ்ச்சியைத் தம் சத்திய சோதனையில் அவரே வேடிக்கையாக எழுதுகிறார். அதற்கு மேல் அவர் எழுதியதுதான் நெஞ்சைத் தொடுவது. அந்த வெள்ளை நாவிதரைக் குறைகூற அவருக்கு மனமில்லை. கறுப்பருக்கு வெட்டினால் அவருடைய வாடிக்கை போய்விடும். நாமோ நம் நாவிதரைத் தீண்டப்படாத சகோதரருக்குச் சவரம் செய்ய விடுவதில்லை. அதற்குரிய பலனைத் தென்னாப்பிரிக்காவில் பலமுறை அனுபவித்தேன் என்ற கருத்தை அவர் பதிவு செய்கிறார்.

தமிழ் ஊர்களிலும் தெலுங்கு ஊர்களிலும் அந்நிலை அப்படியே இருந்தது. நாவிதர் மேல்சாதியார் வீட்டில் கொல்லை வழியே நுழைந்தார். சேரிக்குள் நுழைய அவருக்கும் அனுமதியில்லை. நுழைந்தால் ஊர்க் கூலி நின்றுபோகும். இரு பக்கமும் கட்டப்பட்ட கை அது. ஆகையால் ஒடுக்கப்பட்ட மக்கள் ஒருவருக்கொருவர் சவரம் செய்துகொள்ளத் தாமே பழகினர். குமாஸ்தா வசதிக்காகக் கற்றதை அவர்கள் வேறு வழியின்றிக் கற்றார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், தீண்டாமையைக் காரணம் காட்டிப் பணி செய்ய மறுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. சட்டம் வந்து எழுபது ஆண்டுகள் கடந்தும், முடிதிருத்தும் கடையில் இடமில்லை என்ற செய்தி சில ஊர்களிலிருந்து இன்னும் வரத்தான் செய்கிறது.

இந்தப் பின்னணியில் கல்யாணகட்டாவை ஒருமுறை பாருங்கள். வரிசையில் அமர்ந்தவரின் சாதியை எவரும் கேட்பதில்லை. எந்தக் கத்தி முன்னவர் தலைமேல் ஓடியதோ அதே கையே பின்னவர் தலைமேலும் ஓடுகிறது. மழித்த தலைகள் நூறு ஒன்றாய்ப் படியிறங்கும்போது இவர் இன்னார் என்று பிரித்தறிய இயலாது. தன் கூந்தலை இறைவனுக்கு ஈந்த நீலாதேவியின் கதையைப் பக்தர் சொல்வர். கதையை நம்புவோரும் நம்பாதோரும் அந்த மேடையில் ஒரே வரிசையில்தான் குனிய வேண்டும். ஊரில் நூற்றாண்டுகளாக முடியாததை மலைமேல் நாவிதரின் கை அன்றாடம் செய்து வந்தது என்பதைத் தல வரலாறு எழுதுவோர் சற்று விரித்து எழுதலாம்.

மடக்குக் கத்தியின் காலம் முடிந்ததற்குக் காரணமானவர் கிங் காம்ப் ஜில்லெட் என்னும் அமெரிக்கர். ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளேடு என்பது அவர் எண்ணம். 1903-இல் அவர் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளுமே. 1904-இல் உரிமம் கிடைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கச் சர்க்கார் படைவீரருக்காக இலட்சக்கணக்கில் வாங்கியதும், வீடு திரும்பிய வீரர் அப்பழக்கத்தைக் கைவிடாததும் அவர் செல்வத்தைப் பெருக்கின. கீறாமலிருக்கக் கற்க வேண்டிய அவசியமே வீடுகளில் இல்லாமற்போயிற்று. நாவிதர் மட்டும் தம் கத்தியை விடவில்லை. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் முதலியோர் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டதைக் கண்டறிந்தபின், ஒரே கத்தி பல தலைகளில் ஓடுவது ஆபத்து என்ற உணர்வு பரவியது. கைப்பிடி பழையதுபோலவே இருக்க, அதில் பாதி பிளேடைச் செருகி, ஒருவருக்குப் பின் எறிந்துவிடும் கத்தி எங்கும் வந்தது. திருமலையிலும் இன்று டோக்கன் பெற்று அமரும் பக்தருக்குப் புது பிளேடுதான்.

2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மற்றொரு மாறுதலும் வந்தது. ஆண்களே செய்துவந்த இப்பணியில் பெண்களும் அமர்த்தப்பட்டனர். பெண் பக்தர் அந்நிய ஆடவர் கையில் தலையைக் கொடுக்கக் கூசியதை யாரும் ஒரு பொருட்டாய்க் கருதாதிருந்த நிலை அதனால் மாறியது. சேரும் முடியைத் தேவஸ்தானம் நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. அது கடல் கடந்து பொய்முடியாகிறது. 2004-இல் ஜெருசலேமின் யூத சமயப் பெரியார் எல்யாஷிவ், இந்தியக் கோவில்களில் காணிக்கையாக வந்த முடியில் செய்த பொய்முடியை யூதப் பெண்கள் அணியலாகாது எனத் தீர்ப்பளிக்க, நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் விலையுயர்ந்த பொய்முடிகளைக் குவித்து எரித்தார்கள். மலையில் கல்யாணம் என்ற மங்கலச் சொல்லால் மூடிவைத்த பொருள் அங்கே தீயில் வெந்தது விந்தையே.

அண்மைக் காலத்தில் இளைஞர் சிலர், பிளேடுகளைக் குப்பையில் எறிந்து சலித்தோ பழமையில் ஆசைகொண்டோ, மடக்குக் கத்தியை மீண்டும் தேடி வாங்குகின்றனர். கத்தி கிடைத்துவிடுகிறது, தீட்டித்தர ஆளில்லை. பிளேடு செருகும் கத்திக்குக் கல்லும் வேண்டாம், வாரும் வேண்டாம். ஆகவே இளைய நாவிதர் பலர் தீட்டுவதைக் கற்கவேயில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, உங்கள் தெருவில் வயது முதிர்ந்த நாவிதர் எவரேனும் இருந்தால், பரணில் கிடக்கும் அவருடைய அடைப்பத்தை இறக்கிக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அதில் நடுப்பகுதி குழிந்து தேய்ந்த ஒரு கல் இருக்கும். அவர் முதலில் செய்வது, அந்தக் கல்லின்மீது சிறிது தண்ணீர் விட்டு, அது ஊறும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பதாக இருக்கும்.